பம்பைமடுவிலும் அறிவியல் நகரிலும் புதிதாகச் சேரும் விரிவுரையாளர்களுக்கு

நான் வன்னியில் ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தில், தாபனக் கிளையில் இருந்து ஓய்வு பெற்றவள். விரிவுரையாளர்களின் தனிப்பட்ட கோவைகள், அதாவது எல்லோரும் பேர்சனல் பைல் என்று சொல்வது, என் அலுமாரியில்தான் இருந்தன. இப்போது வீட்டில் இருந்தாலும், குருமன்காட்டிலும் நெளுக்குளத்திலும் அறை எடுத்துத் தங்கியிருக்கும் புதுப் பிள்ளைகள் பின்னேரங்களில் வந்து, "அன்ரி, இந்தக் கடிதத்துக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்பது நிற்கவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பல்கலைக்கழக வேலையில் வரும் சிக்கல்களில் பெரும்பங்கு திறமையாலோ பகையாலோ வருவதில்லை. திகதியால் வருகிறது. எந்தத் திகதியில் கடமையை ஏற்றீர்கள், எந்தத் திகதியில் பட்டம் செல்லுபடியானது, எந்தத் திகதிக்கு முன் அனுமதி கேட்டீர்கள் என்று பார்த்துத்தான் அலுவலகம் முடிவெடுக்கும். உங்கள் திகதிகளை உங்களுக்கு நினைவூட்ட அங்கே ஒருவரும் இல்லை.

உங்கள் வேலைதருநர் யார்?

இதில்கூடக் குழப்பம் உண்டு. பம்பைமடுவில் இருப்பது 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதியில் இருந்து வவுனியாப் பல்கலைக்கழகம். அதற்கு முன் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகம். இப்போது அதற்குத் தனிப் பேரவை (கவுன்சில்), தனி மூதவை (செனற்), தனித் துணைவேந்தர். கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்களோ இன்னமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துடையவை. உங்கள் கதிரை அறிவியல் நகரில் இருந்தாலும் உங்களை நியமித்த பேரவை கூடுவது திருநெல்வேலியில். ஆகவே பீட அலுவலகத்தில் ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "கொடுத்தாயிற்று" என்று இருக்கக் கூடாது. அது A9 வீதியில் ஏறி யாழ்ப்பாணம் போய்ச் சேர வேண்டும். சேர்ந்ததா என்று கேளுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்து இன்னொன்றுக்கு, பாடசாலை ஆசிரியர்களைப் போல இடமாற்றம் கிடைக்காது. "கொஞ்சக் காலம் வவுனியாவில் இருந்துவிட்டு யாழ்ப்பாணத்துக்கு மாறலாம்" என்று வீட்டில் சொல்லிச் சமாதானப்படுத்தி வந்தவர்கள் பலர். அப்படி மாற வேண்டுமென்றால் அங்கே வெற்றிடம் வர வேண்டும், விளம்பரம் வர வேண்டும், நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும், இங்கே உங்களை விடுவிக்க வேண்டும். நியமனத்தை ஏற்கும்போதே இதைத் தெரிந்து ஏற்றுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்துக்கு முன், பெயரைச் சரிபாருங்கள்

வன்னிப் பிள்ளைகளின் கோவைகளில் நான் அதிகம் கண்ட தலைவலி இது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து, பட்டச் சான்றிதழில் தகப்பன் பெயர் முன்னால், க.பொ.த. சான்றிதழில் பின்னால். முள்ளிவாய்க்கால் வரை ஓடியவர்களில் பலரிடம் மூலப் பிரதியே இல்லை. முகாமில் இருந்தபோது அவசரத்தில் எடுத்த பிரதிகளில் பிழைகளும் உண்டு.

நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்த பிறகு இதைத் திருத்த ஓடாதீர்கள். பிறப்புப் பதிவின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளின் அத்தாட்சிப் பிரதியைப் பரீட்சைத் திணைக்களம் தரும். பெயர் வித்தியாசம் சிறியதாக இருந்தால் இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து, எல்லாப் பிரதிகளோடும் இணையுங்கள். சேவையில் சேர்ந்த அன்று கோவையில் ஏறும் பெயர்தான் சேமலாப நிதிப் பணம் வாங்கும் நாள் வரை உங்களோடு வரும்.

தகைமைகள் விண்ணப்ப முடிவுத் திகதியை வைத்தே பார்க்கப்படும். பட்டமளிப்பு விழா பிந்தி நடந்தால் பரவாயில்லை, பட்டம் செல்லுபடியாகும் திகதி முடிவுத் திகதிக்கு முந்தியது என்று பரீட்சைக் கிளையிடம் கடிதம் வாங்கி இணைத்தால் போதும். ஏற்கெனவே அரச வேலையில் இருந்தால், உங்கள் திணைக்களத் தலைவர் ஊடாகவே விண்ணப்பியுங்கள். அந்தக் கையெழுத்து வரப் பிந்தினால் ஒரு முற்பிரதியை நேரடியாகவும் அனுப்பி வையுங்கள்.

தற்காலிகம் என்றால் தற்காலிகம்தான்

தற்காலிக உதவி விரிவுரையாளர், செய்முறை விளக்குநர், போதனாசிரியர் என்று சேருபவர்கள்தான் பல துறைகளைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். நிரந்தர ஆளணியை நிரப்ப முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அரசாங்கம் ஆட்சேர்ப்பை நிறுத்தும் காலங்களில் அது வராது. அப்போதெல்லாம் தற்காலிகப் பிள்ளைகளே வகுப்பை நடத்துவார்கள்.

"நல்லா வேலை செய், உன்னைத்தான் எடுப்போம்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். அது கோவையில் ஏறாத வாக்கு. நிரந்தர வெற்றிடத்துக்கு விளம்பரம் வரும், தெரிவுக் குழு இருக்கும், வெளியில் இருந்தும் ஆட்கள் வருவார்கள். உங்கள் தற்காலிக சேவை அனுபவமாக மட்டும் கணக்கில் வரும். ஒப்பந்தம் முடிந்த மறுநாளில் இருந்து, புதுக் கடிதம் கைக்கு வராமல் வகுப்பு எடுக்காதீர்கள். "கடிதம் பின்னால் வரும்" என்று நம்பிப் படிப்பித்த நாட்களுக்குச் சம்பளம் கேட்டு அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். துறைத்தலைவர் கெட்டவர் இல்லை. கடிதம் இல்லாத நாளுக்குக் காசு எழுத நிதியாளருக்கு வழி இல்லை, அவ்வளவுதான்.

தகுதிகாண் காலம்

நிரந்தர நியமனம் கிடைத்ததும் நீங்கள் தகுதிகாண் விரிவுரையாளர். முதலில் 3 வருடம். அதற்குள் பட்டப்பின் தகைமை கிடைக்காவிட்டால் நீடிப்புக் கேட்கலாம். எல்லாம் சேர்த்து 8 வருடம்தான் உச்சம். அதற்குள் உரிய பட்டம் இல்லையென்றால் சேவை முடிகிறது. 8 வருடம் என்று கேட்டால் நீளமாகத் தெரியும். வெளிநாட்டுப் புலமைப்பரிசில் தேட ஒன்றிரண்டு வருடம், துறையில் ஆள் இல்லை என்று லீவு பிந்த ஒரு வருடம், இடையில் கலியாணம், பிள்ளைப்பேறு, கலாநிதிப் பட்டத்துக்கு 4 வருடம், ஆய்வேடு திருத்த இன்னும் ஒன்று. கூட்டிப் பாருங்கள்.

எந்தப் பட்டம் செல்லும் என்பதில்தான் பெரிய குழி இருக்கிறது. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பாடநெறி மட்டும் கொண்ட முதுமாணி 9ஆம் மட்டம். ஆராய்ச்சியும் சேர்ந்த முதுமாணி 10. முதுதத்துவமாணி 11, கலாநிதி 12. விரிவுரையாளரை உறுதிப்படுத்த ஆராய்ச்சிக் கூறு உள்ள, இரண்டு வருட அளவிலான முதுமாணியோ அதற்கு மேலோ எதிர்பார்க்கப்படுகிறது. பிரித்தானியாவுக்குப் போய், நல்ல பெயருள்ள பல்கலைக்கழகத்தில், இலட்சக்கணக்கில் செலவழித்து ஒரு வருட எம்.எஸ்சி. முடித்து வந்து, இது போதாது என்று கேட்டவர்களின் முகத்தை எனக்கு மறக்க முடியவில்லை. அந்தப் பட்டம் நல்ல பட்டம்தான், ஆனால் இந்தப் பதவிக்கான கணக்கில் அது நிறைவதில்லை.

ஆகவே பதிவு செய்வதற்கு முன், கட்டணம் கட்டுவதற்கு முன், பாடநெறியின் விபரக் கொத்தை இணைத்து, "இந்தப் பட்டம் எனது நியமனத்தை உறுதிப்படுத்தப் போதுமானதா?" என்று பதிவாளருக்கு எழுதுங்கள். துறைத்தலைவர், பீடாதிபதி ஊடாக எழுதுங்கள். வாய்ச்சொல்லாகப் பதில் வந்தால், "நேற்று நீங்கள் கூறியபடி" என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். உள்நாட்டில் பகுதிநேரமாகப் படிப்பதற்கும் முன் அனுமதி வேண்டும்.

பட்டம் மட்டும் போதாது. ஆளணி அபிவிருத்தி நிலையம் நடத்தும் உயர்கல்விக் கற்பித்தல் சான்றிதழ்ப் பயிற்சியையும் முடித்திருக்க வேண்டும். பலர் அதை மறந்தபடி விமானம் ஏறி, திரும்பி வந்து, கலாநிதிப் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு உறுதிப்படுத்தலுக்காக அடுத்த பயிற்சித் தொடரைக் காத்திருப்பார்கள். சேர்ந்த முதல் வருடத்திலேயே முடித்துவிடுங்கள்.

சம்பள ஏற்றத் திகதியையும் பாருங்கள். வருடாந்த அறிக்கை துறைத்தலைவரின் மேசையில் தூங்கினால் ஏற்றமும் தூங்கும். மரியாதையாக ஒருமுறை நினைவூட்டலாம், அதில் வெட்கம் இல்லை.

பொண்ட்

படிப்பு லீவில் போகும் முன் ஒரு பிணைமுறியில் கையெழுத்து வைப்பீர்கள். அலுவலகத்திலும் வெளியிலும் அதைப் பொண்ட் என்றுதான் சொல்வோம். லீவு முடிய வந்து இத்தனை வருடம் சேவை செய்வேன், தவறினால் இத்தனை ரூபாய் கட்டுவேன் என்பது அதன் சாரம். கீழே பிணையாளிகளின் கையெழுத்து.

2022 நெருக்கடிக்குப் பிறகு போனவர்களில் திரும்பாதவர்கள் பலர். அவர்களைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. மருந்துக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற நாட்டை விட்டுப் போனவனிடம் "ஏன் வரவில்லை?" என்று கேட்பதற்கு எனக்கு வாய் வராது. ஆனால் பிணை நின்றவரின் கதை வேறு. அவர் அதே துறையில் இருக்கும் சிரேஷ்ட விரிவுரையாளராக இருப்பார், அல்லது சித்தப்பாவாக, ஓய்வுபெற்ற அதிபராக இருப்பார். போனவர் கனடாவில் வீடு வாங்கிய படத்தை முகநூலில் போடும் அதே மாதம், இவருக்குப் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் வரும்.

கையெழுத்து வைக்குமுன் இவற்றைப் படியுங்கள்: கட்டாய சேவைக் காலம் எவ்வளவு. அது லீவில் இருந்த காலத்தைவிட நீளமாகவும் இருக்கலாம். சம்பளத்தோடு போன காலமும் சம்பளமில்லாமல் போன காலமும் எப்படிக் கணக்கிடப்படும். பிணைத் தொகையில் சம்பளம் மட்டுமா, விமானச் சீட்டும் புலமைப்பரிசிலும் சேருமா. வட்டி உண்டா. பகுதி சேவை செய்துவிட்டு விலகினால் தொகை குறையுமா. விடை ஒப்பந்தத்திலேயே இருக்கும், இல்லாவிட்டால் தாபனக் கிளையில் கேளுங்கள். ஒரு பிரதி உங்களுக்கு, ஒன்று பிணையாளிக்கு. பிணையாளிக்குப் பிரதி கொடுக்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் மிகக் குறைவு. "எனக்காக ஒரு கையெழுத்து வையுங்கோ மாமா" என்றால் மாமா வைத்துவிடுவார். பாசம் வேறு, தொகை தெரிய வேண்டியது வேறு.

நீங்களே பிணை நிற்கப் போகிறீர்களா? உங்கள் சம்பளத்தில் இந்தத் தொகையை அடைக்க எத்தனை வருடம் எடுக்கும் என்று முதலில் கணக்குப் பாருங்கள். பார்த்த பிறகும் விருப்பமென்றால் வையுங்கள்.

திரும்பி வருவதில்லை என்று முடிவெடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மௌனமாக இருக்காதீர்கள். லீவு முடிந்தும் வராமல், கடிதமும் எழுதாமல் இருந்தால் பதவியைத் துறந்ததாகக் கருதிக் கடிதம் போகும், அலுவலகத்தில் வி.ஓ.பி. என்பார்கள். அதற்கு முன்பே பதவி விலகல் கடிதம் கொடுத்து, கட்ட வேண்டிய தொகையைக் கேட்டு, தவணையில் கட்டப் பேரவையிடம் விண்ணப்பித்தவர்கள் கௌரவமாகப் போயிருக்கிறார்கள். பிணையாளியின் நித்திரையும் கெடாது.

லீவு எதுவாக இருந்தாலும், நாட்டை விட்டுப் புறப்படும் முன் அனுமதிக் கடிதம் கையில் இருக்க வேண்டும். இரண்டு கிழமை மாநாட்டுக்கும் இதே விதிதான். நீடிப்புக் கேட்பதானால், மேற்பார்வையாளரின் கடிதத்தோடு லீவு முடிய மாதங்களுக்கு முன்பே கேளுங்கள். பேரவை மாதத்துக்கொரு முறைதான் கூடும், நிகழ்ச்சி நிரல் அதற்கு முன்பே மூடிவிடும்.

ஆராய்ச்சி உதவியாளர்கள்

தேசிய விஞ்ஞான மன்றத்தின் கொடையிலோ வேறு திட்டத்திலோ சேரும் ஆராய்ச்சி உதவியாளர்களின் நிலை தனி. உங்கள் சம்பளம் திட்டப் பணத்தில் இருந்து வருகிறது. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும், பணம் வரப் பிந்தினால் சம்பளமும் பிந்தும். கடிதத்தில் மாதக் கொடுப்பனவு, காலம், பட்டப்பின் பதிவுக் கட்டணத்தை யார் கட்டுவது ஆகிய மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டுரையில் யார் பெயர் எந்த இடத்தில் வரும் என்பதைத் தொடக்கத்திலேயே பேசி, ஒரு மின்னஞ்சலில் எழுதி வையுங்கள். பேராசிரியர் கோபிப்பார் என்று பயப்படுபவர்கள், மூன்று வருடத்துக்குப் பிறகு கேட்டால் இன்னும் கோபிப்பார் என்பதை யோசிக்க வேண்டும். புத்தாக்கம் ஏதும் செய்தால், 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டப்படி ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாவிட்டால் வேலையின்போது செய்த கண்டுபிடிப்பின் உரிமை வேலைதருநருக்கே போகும்.

களப்பணிக்கு வருவோம். வன்னியில் களப்பணி என்பது யாழ்ப்பாண நகரில் வினாக்கொத்து நிரப்புவது போல இல்லை. முகமாலைப் பக்கம் மண் மாதிரி எடுப்பதானால் மிதிவெடி அகற்றி விடுவித்த நிலமா என்று பிரதேச செயலகத்தில் கேட்ட பிறகே காலை வையுங்கள். காட்டுக்குள் போவதானால் வனத் திணைக்களத்தின், சரணாலயமென்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி. யானை நடமாடும் வழிகளில் பொழுதுபட மோட்டார் சைக்கிளில் திரும்பாதீர்கள். காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், மீள்குடியேற்றம் பற்றி ஆட்களோடு பேசுவதானால் ஒழுக்கவியல் மீளாய்வுக் குழுவின் அனுமதியும் துறைத்தலைவரின் கடிதமும் பையில் இருக்கட்டும். "யார் நீங்கள், ஏன் கேட்கிறீர்கள்?" என்று கேட்க ஆட்கள் வருவார்கள். கடிதத்தைக் காட்டுங்கள், ஆனால் பேட்டி கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலை யாருக்கும் கொடுக்காதீர்கள். அதற்கு நீங்கள் ஒழுக்கவியல் படிவத்தில் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள்.

அப்புறம், களத்துக்குப் போகும் ஒவ்வொரு நாளுக்கும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். விபத்தொன்று நடந்தால் முதலில் எழும் கேள்வி, அன்று நீங்கள் கடமையில் இருந்தீர்களா என்பதுதான்.

பதவியுயர்வு, பிள்ளைப்பேறு, சபாட்டிகல்

இவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேராசிரியர் பதவியுயர்வுக்கான புள்ளித் திட்டம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் 916ஆம் இலக்கச் சுற்றறிக்கையில் இருக்கிறது. பின்னால் வந்த திருத்தங்களையும் சேர்த்துப் படியுங்கள். கற்பித்தல், ஆராய்ச்சி, பல்கலைக்கழகத்துக்கும் நாட்டுக்கும் செய்த பணி என்று எல்லாவற்றுக்கும் புள்ளி. எந்தக் குழுவில் இருந்தீர்கள், எந்தப் பயிற்சியை நடத்தினீர்கள் என்பதற்கெல்லாம் அன்றைக்கே ஒரு கடிதம் வாங்கி ஒரு கோவையில் போட்டு வாருங்கள். பத்து வருடத்துக்குப் பிறகு அந்தக் குழுவின் தலைவர் அவுஸ்திரேலியாவில் இருப்பார். பதவியுயர்வு கிடைத்தால் விண்ணப்பித்த திகதியில் இருந்தே அது நடைமுறைக்கு வரும் என்பதால், தகுதி வந்த பிறகு சும்மா பிந்துவது நட்டம்.

பிள்ளைப்பேற்று லீவு முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாட்கள். சனி, ஞாயிறு, பொது விடுமுறைகள் அதில் சேராது. தகுதிகாண் காலத்தில் இருப்பவர்களுக்கும் இது உரிமை, யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. சபாட்டிகல், அதாவது வழமையான கடமையை விட்டு ஆராய்ச்சிக்காக எடுக்கும் நீண்ட லீவு, 7 வருட சேவைக்கு ஒரு வருடம். விண்ணப்பிக்கும்போது ஒரு வேலைத்திட்டம் கொடுப்பீர்கள், முடிந்து வந்ததும் அறிக்கை கொடுக்க வேண்டும்.

பிழை நடந்தால்

நேர்முகப் பரீட்சையில் அநியாயம் நடந்தது என்று நினைக்கிறீர்கள். தேநீர்க்கடையில் பேசுவதற்கு முன், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போடுங்கள். புள்ளித் திட்டம் என்ன, உங்களுக்குக் கிடைத்த புள்ளி என்ன என்று கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. காகிதம் கைக்கு வந்த பிறகு சிலர் தங்கள் கோபத்துக்குக் காரணமில்லை என்று கண்டு விட்டுவிடுவதும் உண்டு. அதுவும் நல்லதுதான்.

நியமனம், பதவியுயர்வு, ஒழுக்காற்று முடிவுகளுக்கு எதிராக, 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் அமைந்த பல்கலைக்கழக சேவைகள் மேன்முறையீட்டுச் சபைக்குப் போகலாம். அடிப்படை உரிமை மீறல் என்றால் உயர் நீதிமன்றம். அதற்கு மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் வவுனியாவிலேயே இருக்கிறது. ஆனால் அங்கே முறைப்பாடு கொடுத்தாயிற்று என்று அந்த ஒரு மாதத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடாமல், அதே கிழமையில் ஒரு சட்டத்தரணியையும் பாருங்கள். ஆசிரியர் சங்கத்தில் சேர்ந்திருங்கள். 2012இல் கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதம் கேட்டு மாதக் கணக்கில் வேலைநிறுத்தம் செய்தது இந்தச் சங்கங்களின் சம்மேளனம்தான். தனி ஒருவரின் கடிதத்துக்குப் பதில் வராத இடத்தில் சங்கத்தின் கடிதத்துக்குப் பதில் வரும்.

ஒழுக்காற்று விடயமாக உங்களிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தால், அன்றிரவே பொங்கி எழுந்து ஐந்து பக்கம் எழுதாதீர்கள். கொடுத்த காலத்துக்குள், கேட்டதற்கு மட்டும், ஒரு பக்கத்தில் பதில். கொடுத்த காலம் போதாது என்றால் நீடிப்புக் கேட்டு எழுதுங்கள். வாங்கிக்கொண்டதற்கு உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்க மறக்காதீர்கள்.

கடைசியாகச் சேமலாப நிதி. உங்கள் சம்பளத்தில் 10 வீதம் கழியும், பல்கலைக்கழகம் 15 வீதம் போடும். அதில் 8 வீதம் சேமலாப நிதிக்கு, 7 வீதம் ஓய்வூதிய நிதிக்கு. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் தனி. நீங்கள் இல்லாவிட்டால் இது யாருக்குப் போக வேண்டும் என்று ஒரு படிவத்தில் பெயர் கொடுக்க வேண்டும். பெரும்பாலோர் சேரும் அன்று அம்மாவின் பெயரை எழுதிவிட்டு, கலியாணமாகி இரண்டு பிள்ளை பிறந்த பிறகும் மாற்றுவதில்லை. அம்மா போன பிறகும் அதே பெயர்தான் கோவையில் இருக்கும். மாற்றுவதற்கான படிவம் நிதிக் கிளையில் கிடைக்கும், நிரப்பப் பத்து நிமிடம் போதும்.